அடையாறில் மாண்டிசோரி அம்மையார்

தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் எத்தனையோ மழலையர் பள்ளிகளின் பலகையில் 'மாண்டிசோரி' என்று பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயருக்குரிய அம்மையார் இதோ பக்கத்து அடையாறில் தங்கிப் பாடம் நடத்தியவர் என்பது பலருக்குத் தெரியாது.

இத்தாலிய மருத்துவரான மரியா மாண்டிசோரி, பிரம்மஞான சபையின் அழைப்பில் மகன் மரியோவுடன் 1939-ல் சென்னை வந்தார். அப்போது அவருக்கு வயது 69! ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்துவிட்டுச் சில மாதங்களில் ஊர் திரும்புவதாகத் திட்டம். ஆனால் 1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்தது. ஆங்கில அரசுக்கு இருவரும் எதிரி நாட்டவர் ஆகிவிட்டார்கள். மகனை முகாமில் அடைத்தார்கள். அம்மையாருக்கு வெளியே போகத் தடை. ஆகஸ்ட் 31, அவருடைய 70-வது பிறந்தநாளன்று மகன் விடுதலையானார். ஐரோப்பா திரும்பவோ 1946 ஆகிவிட்டது.

நடுவில் 1942-லிருந்து சுமார் இரண்டு வருடம் கொடைக்கானல் வாசம். அங்கே பல வயதுக் குழந்தைகளைச் சேர்த்து ஒரு சிறு பள்ளி. வயதைப் பார்த்து அல்ல, குழந்தையின் ஆர்வத்தைப் பார்த்துப் பாடத்தை மாற்றினார்கள். சுற்றியிருந்த செடிகொடிகளும் உயிரினங்களுமே பாடப்பொருள். பெரிய பிள்ளைகளுக்கான அவரது பாடத்திட்டம் விரிவடைந்தது அங்கேதான்.

இன்று வீட்டிலேயே கற்பிக்கும் பெற்றோர் சிலர், விலை கூடிய மரப்பொருட்கள் இல்லாவிட்டால் மாண்டிசோரியே இல்லை என்று நினைக்கிறார்கள். அவ்வளவு செலவு தேவையா? உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவச் சொன்னார் அவர். நம் திண்ணைப் பள்ளிகளில் மணலைப் பரப்பி விரலால்தான் எழுதினார்கள்.

அவருடைய புகழ்பெற்ற 'தி அப்சார்பென்ட் மைண்ட்' நூல் 1949-ல் அடையாறிலிருந்துதான் வெளியானது.