அட்டையிலிருந்து பைத்தான் வரை

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "ரெண்டு பக்கம் ஏதாவது எழுதிக் கொடுப்பா, போதும்" என்றார் செயலாளர். எனக்குக் கவிதை வராது. கேன்டீன் நினைவுகளை என்னைவிட ருசியாக எழுதுகிறவர்கள் எல்லா பேட்சிலும் இருக்கிறார்கள். ஆகவே போன பொதுக்குழுவில் பாதியில் நின்ற ஒரு சண்டையை இங்கே தொடர்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சண்டை இதுதான். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை தோறும் நம் சங்கம் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துவது என்று தீர்மானம். பணமும் ஓரளவு சேர்ந்துவிட்டது. முதலில் எந்த மொழியில் புரோகிராம் எழுதச் சொல்லிக் கொடுப்பது என்று பேச்சு வந்ததும்தான் வினை. "சி தெரியாதவன் இன்ஜினியரே இல்லை" என்றார் ஒரு சீனியர் சார். "அந்தக் காலம் போச்சு சார், பைத்தான்" என்றான் சமீபத்து பேட்ச் தம்பி ஒருவன். பெங்களூரிலிருந்து வந்திருந்த தங்கை ஜாவாஸ்கிரிப்ட் என்றது. பின் வரிசையிலிருந்து ஒரு குரல், "இப்பத்தான் ஏ.ஐ.யே எழுதிக் கொடுக்குதே, மொழி எதுக்குங்க?" என்றது. டீ ஆறிப்போனதுதான் மிச்சம். முடிவு வரவில்லை.

வீட்டுக்குப் போகும்போது எனக்கு ஒரு கேள்வி. இதற்கு முன்னால் நம் ஊரில், நம் நாட்டில், முதல் மொழியை யார் தேர்ந்தெடுத்தார்கள்? கொஞ்சம் பழைய கதையைப் பார்ப்போம்.

காஞ்சியின் முதல் மொழி

பிள்ளையார்பாளையத்துப் பிள்ளைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பட்டுச் சேலையின் கரையில் அன்னமும் மயிலும் தானாக வருவதில்லை. எந்த வரிசையில் எந்தெந்தப் பாவு இழை மேலே எழும்ப வேண்டும் என்பதை யாராவது தறிக்குச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் அதற்கு 'அடை' என்று ஒன்று. வேலைப்பாட்டுக்குத் தக்கபடி நூலை முடிந்து கட்டி வைத்திருப்பார்கள். பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து முறைப்படி இழுக்க, நெசவாளி நாடாவை ஓட்டுவார். டிசைன் முழுக்க அந்த முடிச்சுகளில்தான் இருந்தது.

பிறகு ஜக்கார்டு வந்தது. பிரான்சில் லியோன் நகரத்து ஜக்கார்டு 1804-ல் அமைத்த தறி அது. டிசைனைக் கட்டம் போட்ட கிராஃப் தாளில் வரைவார்கள். ஒரு வரிசைக்கு ஓர் அட்டை. அட்டையில் ஓட்டை இருந்தால் அந்த இடத்துக் கொக்கி மேலே போகும். ஓட்டை இல்லாவிட்டால் போகாது. அவ்வளவுதான் மொழி. அட்டைகளை வரிசையாகக் கோத்து, கடைசியை முதலோடு சேர்த்துத் தைத்துவிட்டால் சங்கிலி சுற்றிச் சுற்றி வரும், அன்னமும் திரும்பத் திரும்ப வரும். நாம் முதல் வருஷத்தில் 'லூப்' என்று நோட்டில் எழுதியது இதைத்தான்.

இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் 1830-களில் தன் பகுப்பு இயந்திரத்தைத் திட்டமிட்டபோது, அதற்கு உத்தரவு கொடுக்க இதே அட்டையைத்தான் எடுத்துக்கொண்டார். அந்த இயந்திரத்தில் பெர்னூலி எண்களைக் கணக்கிடும் வழியை அடா லவ்லேஸ் 1843-ல் எழுதினார். இயந்திரம் முழுதாகக் கட்டப்படவே இல்லை. ஆனால் அட்டை பிழைத்துக்கொண்டது. 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஹோலரித் ஓட்டை போட்ட அட்டைகளை வைத்து முடித்தார். ஐ.பி.எம். அட்டையின் பாட்டன் அதுதான்.

ஃபோர்ட்ரான் காலம்

1963-ல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 1620 வந்தது. ஃபோர்ட்ரான் என்பது 1957-ல் ஜான் பேக்கஸ் குழு வெளியிட்ட மொழி. வந்த இயந்திரத்தில் ஓடியது அது, ஆகவே மாணவர்களுக்கு முதல் மொழியும் அதுவே. இதில் எந்தப் பையனிடமும் யாரும் விருப்பம் கேட்கவில்லை.

ஆனால் அங்கே இன்னொரு விஷயமும் நடந்தது. ஈரோட்டில் 1933-ல் பிறந்த வி. ராஜாராமன் அங்கே பேராசிரியர். வகுப்பு எடுத்ததோடு நிற்காமல், நம் மாணவர்கள் வாங்கக்கூடிய புத்தகமாக 1969-ல் ஒன்றை எழுதினார். வெளிநாட்டுப் புத்தகம் கைக்கு எட்டாத காலம். கம்ப்யூட்டரை நேரில் பார்க்காதவர்கள்கூட அதைப் படித்துவிட்டுத் தாளில் புரோகிராம் எழுதிப் பழகினார்கள். 2025 நவம்பரில் அவர் காலமான செய்தியைப் பார்த்தபோது, நமக்கெல்லாம் வாத்தியாருக்கு வாத்தியார் போய்விட்டார் என்றுதான் தோன்றியது.

1973-ல் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370 வந்தது. அப்போதும் அட்டைதான். ஒரு வரிக்கு ஓர் அட்டை, அட்டைக்கு 80 பத்தி. கட்டு கை தவறி விழுந்தால் வரிசை போச்சு! அதற்காகவே கடைசி 8 பத்திகளில் வரிசை எண் போட்டு வைப்பார்கள். நம் ஊரில் அட்டையைத் தைத்தே வைத்துவிடுகிறோம். இந்த ஒரு விஷயத்தில் காஞ்சிபுரம் முன்னாலே இருந்தது என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

பேசிக், கோபால், சி

1964-ல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கெமெனி, கர்ட்ஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள், கணிதம் படிக்காத மாணவர்களும் கம்ப்யூட்டரைத் தொடட்டும் என்று பேசிக் மொழியை உண்டாக்கினார்கள். மாணவனை மனதில் வைத்துச் செய்த மொழி என்றால் முதலில் இதைத்தான் சொல்லவேண்டும். நம் நாட்டில் 1984-ல் 'கிளாஸ்' என்ற மத்திய அரசுத் திட்டத்தில் முதலில் 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்கள் போயின. அதற்குள் பேசிக் இருந்தது, பிள்ளைகளும் பேசிக் படித்தார்கள். இதற்கிடையில் 1975-லேயே டைக்ஸ்ட்ரா என்ற பெரிய அறிஞர், பேசிக்கில் ஆரம்பித்த மாணவனைத் திருத்தவே முடியாது என்கிற அளவுக்குக் கடுமையாக எழுதிவிட்டார். ஆனால் பேசிக்கில் ஆரம்பித்தவர்கள் எத்தனையோ பேர் நன்றாகத்தான் வந்தார்கள். ஆக, நம் பொதுக்குழுச் சண்டை புதிதல்ல!

தொண்ணூறுகளில் கதை மாறியது. அப்போது முதல் மொழியைத் தீர்மானித்தது வேலை. கம்ப்யூட்டர் சென்டர் போர்டுகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. 2000-ம் வருஷம் பிறந்தால் பழைய புரோகிராம்கள் தேதியைத் தப்பாகக் கணக்கிடும் என்று உலகமே பயந்தபோது, 1959-ல் திட்டமிட்ட கோபால் மொழிக்கு மறுபடி யோகம் அடித்தது. என் தாய்மாமா ஒருவர் தறியை விட்டுவிட்டு கோபால் படித்துத்தான் வெளிநாடு போனார். 1995-ல் வெளிவந்த ஜாவாவுக்கும் அதே மவுசு வந்தது.

கல்லூரிகளில் சி. 1972 வாக்கில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கியது. அது நம்மிடம் வேரூன்றியதற்குப் புத்தகங்களும் ஒரு காரணம். பாலகுருசாமி, கானேத்கர் என்ற இரண்டு பெயர்களைச் சொன்னால் போதும், இந்த மலரைப் படிக்கிற பாதிப்பேருக்கு அட்டைப்படம் கண்ணில் வரும். கூடவே அந்த டர்போ சி நீலத் திரையும்.

என் கதை

நான் 2008-ல் நம் கல்லூரியில் சேர்ந்தேன். தமிழ் மீடியம். பிளஸ் டூவில் உயிரியல் எடுத்தவன், கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடையாது. முதல் செமஸ்டரிலேயே சி. எனக்கு அது சி ஆகவும் தெரியவில்லை, இங்கிலீஷ் ஆகவும் தெரியவில்லை. 14-வது வரியில் தப்பு என்று காட்டும். 14-வது வரியை மணிக்கணக்காக உற்றுப் பார்ப்பேன். அங்கே ஒன்றும் இருக்காது. இன்டர்னல் தேர்வில் 100-க்கு 23. இது நமக்கு ஒத்துவராது, பேசாமல் தறியிலேயே உட்கார்ந்துவிடலாம் என்று நிஜமாகவே நினைத்தேன். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பாக்கி.

அந்த வாரம் வீட்டில் ஒரு சேலையில் கோளாறு. அன்னத்தின் கழுத்தில் வேண்டாத ஒரு புள்ளி. அப்பா தறியை நிறுத்திவிட்டு, நெய்த அளவுக்கும் விரலால் தடவிப் பார்த்தார். "எல்லா அன்னத்திலேயும் ஒரே இடத்துல வருதுடா. ஒண்ணுல மட்டும் இருந்தா என் கை தப்பு. நெடுக கோடா வந்தா கொக்கி மாட்டிக்கிச்சுன்னு அர்த்தம். இது அட்டைதான்" என்றார். சங்கிலியைச் சுற்றி, கழுத்து வரும் இடத்தை எண்ணி, நூற்றுச் சொச்சம் அட்டையில் ஒன்றைப் பிடித்தார். ஓர் ஓட்டை கூட இருந்தது. தாளை ஒட்டி மூடினார். அவ்வளவுதான், அடுத்த அன்னம் சுத்தமாக வந்தது.

மறுநாள் கல்லூரி பஸ்ஸில் இதை ஒரு சீனியர் அண்ணனிடம் சும்மா பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் என் லேப் பிரின்ட்டை வாங்கிப் பார்த்தார். "உங்கப்பா பண்ணினதைத்தான்டா இங்கேயும் பண்ணணும். 14-ல தப்பு காட்டுதுன்னா அதுக்கு முன்னாடி வரியிலேர்ந்து பாரு. 13-ல செமிகோலன் எங்கே?" என்றார். அன்றிலிருந்து காஞ்சிபுரம் வருகிற வரைக்கும் பஸ்ஸில் எனக்கு டியூஷன். செமஸ்டரில் தேறினேன். 2012-ல் பட்டம் வாங்கினேன். இன்று ஒரகடம் பக்கம் தொழிற்சாலை இயந்திரங்களுக்கு புரோகிராம் எழுதுவது என் பிழைப்பு. அதற்கு லேடர் என்று வேறொரு மொழி. சி அதிகம் தேவைப்படவில்லை. ஆனால் எந்த இடத்தில் தப்பு என்று தேடுகிற முறை ஒரு நாளும் தேவைப்படாமல் இல்லை.

பைத்தானும் எழிலும்

நமக்குப் பின்னால் வந்தவர்களுக்கு மறுபடி மொழி மாறியது. 1991-ல் கைடோ வான் ரோசம் வெளியிட்ட பைத்தான், அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்டத்தில் எல்லாப் பிரிவுக்கும் முதல் செமஸ்டரில் வந்துவிட்டது. பள்ளியில் 2018-ல் வந்த புதிய பிளஸ் ஒன் புத்தகத்தில் சி பிளஸ் பிளஸ், 2019-ல் வந்த பிளஸ் டூ புத்தகத்தில் பைத்தான். இப்போதும் தீர்மானித்தது பாடத்திட்டமும் வேலைச் சந்தையும்தான், மாணவன் இல்லை.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். முத்து அண்ணாமலை என்பவர் தமிழ்ப் பிள்ளைகளுக்காகவே 'எழில்' என்ற மொழியை உருவாக்கினார். 'பதிப்பி' என்றால் திரையில் எழுதும், 'முடி' என்றால் முடியும். வேலைக்கு உதவுமா என்று கேட்காதீர்கள். முதல் செமஸ்டரில் இதை ஒரு வாரம் எனக்கு யாராவது காட்டியிருந்தால், எனக்குப் புரியாதது புரோகிராமா இங்கிலீஷா என்று அப்போதே தெரிந்திருக்கும்.

ஆகவே...

இத்தனை கதையிலும் நான் பார்த்தது இதுதான். முதல் மொழியை இயந்திரம் தேர்ந்தெடுத்தது, புத்தகம் தேர்ந்தெடுத்தது, வேலை தேர்ந்தெடுத்தது. ஆனால் அந்த மொழி ஒருவனிடம் ஒட்டியதா இல்லையா என்பதைப் பக்கத்தில் இருந்த ஆள்தான் தீர்மானித்தார். கான்பூரில் ஒரு ராஜாராமன், அடைத் தறியில் பக்கத்தில் உட்கார்ந்து இழுத்தவர், எனக்கு அப்பாவும் பஸ் அண்ணனும். தப்பு வந்ததும் திரும்பிப் பார்த்துக் கேட்க ஆள் இல்லாவிட்டால், எவ்வளவு சுலபமான மொழியும் 14-வது வரியோடு நின்றுவிடும். ஏ.ஐ. எழுதிக் கொடுக்கும், வாஸ்தவம். ஆனால் அன்னத்தின் கழுத்தில் புள்ளி விழுந்தால், கைத் தப்பா, கொக்கியா, அட்டையா என்று கேட்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் அதுவும் உதவும்.

என் யோசனை இதோ. முதல் வகுப்பில் கம்ப்யூட்டரைத் திறக்கவே வேண்டாம். கிராஃப் தாளும் பழைய ஜக்கார்டு அட்டையும் கொடுப்போம், பிள்ளைகள் வீட்டில் பார்த்த விஷயம்தானே. ஒரு வாரம் எழில். பிறகு பைத்தான், ஏனென்றால் நம்மில் அதைச் சொல்லிக் கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் இன்று அதிகம். நாளைக்கு நிறைய பேர் சி எடுக்க முன்வந்தால் சி. எனக்கு ஒன்றும் ஆட்சேபணை இல்லை.

சேர்ந்த பணத்தில் புது கம்ப்யூட்டர் வாங்குவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, வெளியூரிலிருந்து சனிக்கிழமை வருகிறவர்களுக்கு பஸ் செலவு கொடுப்போம் என்று வரும் கூட்டத்தில் கேட்கப் போகிறேன். பத்துப் பிள்ளைக்கு ஒருவராவது பக்கத்தில் உட்கார வேண்டும். ரீயூனியன் அன்று வரவேற்பு மேஜையில் ஒரு நோட்டு இருக்கும். என் பெயரை முதலில் எழுதிவிட்டேன். அந்த பஸ் அண்ணன் இந்த மலரைப் படித்தால், இரண்டாவது பெயர் அவருடையதாக இருக்கட்டும்.



- 2012 பேட்ச், எலக்ட்ரிக்கல் பிரிவு