48 என்று எண்ணிய 33 ஆண்டுகள்



மனித உடல் செல்லில் 46 குரோமோசோம்கள், அதாவது 23 ஜோடிகள் இருக்கின்றன என்று இன்று பத்தாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். ஆனால் 1923 முதல் 1956 வரை விஞ்ஞானிகள் 48 என்றே நம்பினார்கள். பாடப்புத்தகங்களிலும் அப்படித்தான் இருந்தது.

அந்தக் கணக்கைச் சொன்னவர் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியோஃபிலஸ் பெயின்டர். அந்தக் காலத்து மைக்ரோஸ்கோப்பில் குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, வெந்த சேமியா போலக் குவிந்து தெரியும். 1921-ல் 46-ஆ, 48-ஆ என்று அவருக்கே சந்தேகம். 1923-ல் 48 என்று முடிவு செய்துவிட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். பின்னால் வந்தவர்களைப் பற்றித்தான் யோசிக்கிறேன்.

1952-ல் டி.சி.சூ என்பவர் குரோமோசோம்களைத் தெளிவாகப் பிரித்துக் காட்டும் வழியைக் கண்டுபிடித்தார். உப்புக் கரைசலில் தற்செயலாக நீர் கூடிப்போனதால் கிடைத்த வழி அது. இப்போது நன்றாக எண்ணலாம். ஆனாலும் அவர் 48 என்றே எழுதினார். சுவீடனில் லுண்ட் நகரத்தில் வேறு சிலர் எண்ணியபோது 46தான் கிடைத்தது. தங்கள் வேலையில்தான் குறை என்று நினைத்து ஆராய்ச்சியையே நிறுத்தி வைத்தார்கள்!

அதே லுண்ட் நகரத்தில், ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோ 1955 டிசம்பரில் எண்ணிப் பார்த்தார். 46. திரும்பத் திரும்ப 46. ஆல்பர்ட் லெவானுடன் சேர்ந்து 1956-ல் அதை வெளியிட்டார். அதன் பிறகுதான் உலகம் திருத்திக்கொண்டது.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. ஒரு வருடம் ஐந்தாம் வகுப்பை என்னிடம் ஒப்படைத்த ஆசிரியர், ஒரு பையனைக் காட்டி, "இவனுக்குக் கணக்கு வராது" என்றார். அரையாண்டில் அவன் எல்லாக் கணக்கையும் சரியாகப் போட்டிருந்தான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியிருப்பான் என்று. எழுப்பி நிற்க வைத்து விசாரிக்கவும் செய்தேன். அவன் அழவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

லுண்டில் இருந்தவர்கள் தங்களைச் சந்தேகப்பட்டார்கள். நான் ஒரு குழந்தையைச் சந்தேகப்பட்டேன்.

அவனும் இதைப் படிப்பான் என்று நினைக்கிறேன். மன்னித்துக்கொள்ளப்பா. உங்களில் ஆசிரியராக இருப்பவர்கள், வகுப்பை வாங்கும்போது கேட்டதை ஓரமாக வைத்துவிட்டு நீங்களே ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்