பர்மிங்காம் சிறுவர் ஊர்வலம், 1963

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள பர்மிங்காம் நகரில், நிறப் பாகுபாட்டை எதிர்த்துப் பள்ளிப் பிள்ளைகள் முன்னின்று நடத்திய அறப்போராட்டம் இது. 1963 மே 2 அன்று தொடங்கியது.

உணவகத்தில் வெள்ளையரோடு உட்காரக் கூடாது, கடையில் துணியைப் போட்டுப் பார்க்கக் கூடாது. அந்த ஊரின் கறுப்பினக் குழந்தைகளுக்கு விவரம் தெரியும் வயதிலேயே இதெல்லாம் பாடமாகிவிடும். பூங்காக்களில் பேதம் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. நகர நிர்வாகம் 1962இல் பூங்காக்களையே மூடிவிட்டது.

1963 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் தொடங்கிய போராட்டத்துக்குப் போதிய ஆள் சேரவில்லை. பெரியவர்கள் சிறைக்குப் போனால் வேலை போய்விடும். பிள்ளைகளுக்கு அந்தப் பயம் இல்லை என்றார் இளம் போதகர் ஜேம்ஸ் பெவல். கிங் தயங்கினார். குழந்தைகளைக் களத்தில் நிறுத்தலாமா என்று மால்கம் எக்ஸ் கண்டித்தார். நியாயமான கேள்விதான். ஆனால் வீதிக்கு வராத பிள்ளைகளும் அந்த ஊரில் பத்திரமாக இல்லை.

வானொலி அறிவிப்பாளர்கள் சங்கேதமாகச் சேதி சொல்ல, வகுப்பறைகள் காலியாயின. பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்திலிருந்து அணி அணியாகப் பாடிக்கொண்டே வந்தவர்களைப் போலீசார் பள்ளிப் பேருந்துகளில் ஏற்றிச் சென்றார்கள். அவர்களில் ஆட்ரி ஃபே ஹென்ட்ரிக்ஸுக்கு வயது 9. மூன்றாம் வகுப்புப் படித்த அந்தச் சிறுமி ஒரு வாரம் காவலில் இருந்தாள். சிறை நிரம்பியதும் பொருட்காட்சித் திடலிலும் அடைத்தார்கள்.

மறுநாள், காவல்துறைக்குப் பொறுப்பான ஆணையர் புல் கானர் தீயணைப்புக் குழாய்களைத் திறந்துவிடச் சொன்னார். மரப்பட்டையையே உரிக்கும் வேகம் அந்தத் தண்ணீருக்கு. கெல்லி இங்ராம் பூங்காவருகே பிள்ளைகள் தரையில் உருண்டார்கள், நாய்களும் ஏவப்பட்டன. அந்தப் படங்கள் உலகெங்கும் அச்சாயின.

மே 10 அன்று போராட்டக்காரர்களோடு உடன்பாடு ஏற்பட்டது. ஆனால் பத்து நாளில் கல்வி வாரியம், போராட்டத்தில் கலந்துகொண்ட 1,081 மாணவர்களைப் பள்ளியிலிருந்து விலக்கியது. மே 22 அன்று மேல்முறையீட்டு நீதிபதி எல்பர்ட் டட்டில் அதைத் தடுத்து, அவர்களை மீண்டும் சேர்க்கச் செய்தார்.

செப்டம்பர் 15, ஞாயிறு. அதே தேவாலயத்தில் வெடித்த குண்டு நான்கு சிறுமிகளைக் கொன்றது: 11 வயது டெனிஸ் மெக்நேர், 14 வயது ஆடி மே காலின்ஸ், கரோல் ராபர்ட்சன், சிந்தியா வெஸ்லி. 1964இல் குடிமை உரிமைகள் சட்டம் நிறைவேறியது. குண்டு வைத்தவர்களில் கடைசி ஆளுக்குத் தண்டனை கிடைத்தது 2002இல்தான். அந்தச் சிறுமிகளோடு படித்தவர்கள் அதற்குள் ஐம்பதைக் கடந்திருந்தார்கள்.