ஹார்மோன் கோளாறுகளும் இதயச் செயலிழப்பும்

உடலுக்கு வேண்டிய அளவு இரத்தத்தை இதயத்தால் அனுப்ப முடியாமல் போவதே இதயச் செயலிழப்பு. மூச்சிரைப்பும் கால்வீக்கமும் அதன் அடையாளங்கள். காரணத்தை இதயத்துக்குள்ளேயே தேடுவது வழக்கம். அது போதாது என்பதை மலாயா முன்பே கண்டது. ஒரு நூற்றாண்டுக்கு முன் பெரிபெரி நோயாளிகள் பலர் உடல் வீங்கி, இதயம் தளர்ந்து இறந்தனர். தீட்டிய அரிசி உண்ட சீனத் தொழிலாளர்களை வாட்டிய அந்நோய், புழுங்கலரிசி உண்ட தமிழர்களைப் பெரும்பாலும் தொடவில்லை. டாக்டர் பிராடன் 1907இல் இதை நூலாக எழுதினார். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பிரேசரும் ஸ்டாண்டனும் 1909இல் அரிசியே காரணம் எனச் சோதனை வழி காட்டினர். குறைந்தது வைட்டமின்தான், ஹார்மோன் அன்று. ஆனாலும் இதயத்தைச் சாய்த்த காரணம் இதயத்துக்கு வெளியே இருந்தது.

ஹார்மோன் வழித் தொடர்பு முதலில் தைராய்டில் புலப்பட்டது. கழுத்துக் கழலையோடு படபடப்பும் இதய வீக்கமும் சேர்ந்து வருவதை விவரித்த ஆங்கில மருத்துவர் பாரியின் குறிப்புகள், அவர் இறந்தபின் 1825இல் அச்சேறின. 1918இல் ஜெர்மனியின் சோண்டெக் எதிர்ப்பக்கத்தைக் காட்டினார்: தைராய்டு குறைந்தவர்களின் இதயம் பெருத்து மந்தமாகிறது, தைராய்டுச் சத்தைக் கொடுத்தால் மீண்டும் சுருங்குகிறது. எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகப் பெரிய செய்தி இதுதான், ஏனெனில் செயலிழப்பிலிருந்து இதயம் திரும்பி வரக்கூடும் என்பதை இது சொன்னது. இத்தகைய நோயாளிகள் சிலரே, எல்லாருக்கும் தைராய்டு சோதனை எதற்கு என்று கேட்கலாம். சிலரே என்பது உண்மை. ஆனால் அந்தச் சிலரைக் குணப்படுத்த முடியும், கண்டுபிடிக்க ஓர் இரத்தச் சோதனை போதும்.

தெலுக் இந்தான் வட்டாரத்தில் ரப்பர் மரங்கள் செம்பனைக்கு இடம்விட்டு, தோட்டப்புறத் தமிழர் பலர் பட்டணத்துக்கு வந்துவிட்ட இக்காலத்தில், பெரிபெரிக்குத் தப்பிய சமூகத்தை இனிப்புநீர் பிடித்திருக்கிறது. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் உண்டு, இந்தியரிடையே 31.4 விழுக்காடு. இன்சுலின் குறைவதாலோ உடல் அதற்கு இணங்காததாலோ வரும் இதுவும் ஹார்மோன் கோளாறே. அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் ஆய்வு 1974இல் இனிப்புநீர் உள்ள ஆண்களுக்கு இதயச் செயலிழப்பு இரு மடங்குக்கு மேலும், பெண்களுக்கு ஐந்து மடங்கும் வருவதைக் கண்டது. இரத்தக் கொதிப்பும் இதயக் குழாய் அடைப்பும்தானே காரணம் என்ற மறுப்பு நியாயமானது. அவற்றைக் கணக்கில் எடுத்த பின்னும் ஆபத்து மிஞ்சியது. 1972லேயே ரூப்லர் குழுவினர் அடைப்பே இல்லாத இனிப்புநீர் இதயங்களைச் சவப்பரிசோதனையில் கண்டிருந்தனர். இதைவிட வலுவான மறுப்பு, சர்க்கரையைக் கடுமையாகக் குறைத்த ஆய்வுகளில் இதயச் செயலிழப்பு குறையவில்லை என்பது. இது சர்க்கரை அளவை மட்டும் பார்ப்பதைத்தான் மறுக்கிறது. இன்சுலின் கோளாறு இதயத்தசையின் எரிபொருளையும் சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைக்கும் முறையையும் சேர்த்தே மாற்றுகிறது. சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் எம்பாகிளிஃப்ளோசின் 2015இல் இதயச் செயலிழப்புக்காக ஆஸ்பத்திரியில் சேர்வதை 35 விழுக்காடு குறைத்தது; அதே வகை மருந்தான டாபாகிளிஃப்ளோசின் 2019இல் இனிப்புநீர் இல்லாத இதய நோயாளிகளுக்கும் பயன்பட்டது. உப்பைத் தேக்கும் அல்டோஸ்டிரோன் ஹார்மோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன், கடும் இதயச் செயலிழப்பில் மரணத்தை 30 விழுக்காடு குறைத்ததாக 1999இலேயே தெரிந்திருந்தது.