மீன் தொட்டியும் சிவப்புப் பாசியும்: ஒரு சரித்திரக் குறிப்பு

தலைப்பைப் பார்த்துவிட்டு ஓடிவிடாதீர்கள். வாஸ்து மீன் சமாச்சாரம் இல்லை இது. டெல்லி துவாரகாவில், மூன்றாவது மாடி ஃப்ளாட்டில், மூன்றடிக் கண்ணாடித் தொட்டியில் உப்பு கலக்கிக் கடல் தண்ணீர் தயாரித்து வைத்துக்கொண்டு நான் படும் பாடு. கூடவே, இதே பாட்டை எனக்கு முன்னால் 170 வருஷத்துக்கு மேலாக யார் யார் பட்டார்கள் என்ற கதை.

சொந்த ஊர் மண்டபம். கடலை விட்டு வந்த ஏக்கத்தில்தான் தொட்டி வைத்தேன் என்று எல்லோரிடமும் பீலா விடுவேன். உண்மைக் காரணம், மகள் பார்த்த நீமோ படம். மூன்று கோமாளி மீன்கள், காளான் மாதிரி விரியும் மென்பவளம் கொஞ்சம், காய்ந்த பாறை. கல்லாக வளரும் கடினப் பவளம் கிடையாது. 2001இல் அதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள், புலி இருக்கிற அதே பட்டியல். ஊர்ப்பக்கம் பழைய சுவர்களில் பவளக்கல்லைச் செங்கல் மாதிரி அடுக்கியிருப்பார்கள் என்று சொன்னால் மகள் நம்ப மறுக்கிறாள்.

ஆறு மாதம் ஒழுங்காக ஓடியது. ஏழாம் மாதம் ஒரு காலை மகள் வந்து எழுப்பினாள். "அப்பா, மணல் மேல யாரோ சிவப்புத் துணியக் காயப்போட்ட மாதிரி இருக்கு."

போய்ப் பார்த்தால் அப்படியேதான். வழவழவென்று ஒரு கருஞ்சிவப்பு விரிப்பு, மேலே குட்டிக் குட்டியாகக் காற்றுக் குமிழிகள். உறிஞ்சி எடுத்தேன். இரண்டே நாளில் மறுபடி விரிந்தது. போனில் அம்மாவிடம் சொன்னேன். "பாசிதானேப்பா, நல்லாத் தேச்சுக் கழுவு" என்றார். தங்கமணி ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்கு அர்த்தம் வேறு.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. விஞ்ஞானிகளும் ரொம்ப நாள் இதைப் பாசி என்றுதான் சொன்னார்கள். பெயர் நீலப்பச்சைப் பாசி. சிவப்பு நிறமி கூடுதலாக உள்ள இனங்கள் சிவப்பாகத் தெரியும். நம்ம ஊர்க்காரர்கள் இதில் கில்லாடிகள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. இந்தியப் பாசியியலின் தந்தை என்று சொல்லப்படும் எம்.ஓ.பி. அய்யங்கார் சென்னைக்காரர். அவருடைய மாணவர் டி.வி. தேசிகாச்சாரி 1959இல் எழுதிய 'சயனோஃபைட்டா' இன்றைக்கும் இந்தத் துறையில் புரட்டப்படும் தடிப் புத்தகம். அதை வெளியிட்டது இங்கே டெல்லியில் இருக்கும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம். விவசாயத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? நெல் வயலில் காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து உரமாக்குவது இந்த ஜாதிதான் என்று பி.கே. டே 1939இலேயே காட்டிவிட்டார். பின்னாளில் ஜி.எஸ். வெங்கடராமன் போன்றவர்கள் டெல்லி பூசா நிறுவனத்தில் இதை வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுக்கும் முறையைப் பரப்பினார்கள். நான் காசு கொடுத்து ஒழிக்கப் பார்க்கும் சாமானை, இருபது கிலோமீட்டருக்குள் பாத்தி கட்டி வளர்த்திருக்கிறார்கள் :-)

இப்போது கொஞ்சம் கொசுவத்தி சுற்றுவோம். 1850, லண்டன். ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் ஒரு தொட்டியில் இரண்டு தங்க மீன்களையும் ஒரு நீர்ச்செடியையும் விட்டார். செடி ஆக்சிஜன் கொடுக்கும், மீன் பிழைக்கும், தண்ணீர் மாற்ற வேண்டாம் என்பது கணக்கு. கணக்கு சரிதான், ஆனால் அழுகிய இலைகளிலிருந்து பச்சையாக ஒரு வழவழப்பு கிளம்பித் தொட்டியைக் கெடுத்தது. மனிதர் நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை தின்று தீர்த்தன. வீட்டு மீன்தொட்டியின் கதை தொடங்கும் இடத்திலேயே இந்த வழவழப்பும் ஆஜர். (வாரிங்டனைப் படித்துவிட்டு நானும் நத்தை வாங்கினேன். சிவப்பை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் மேய்ந்தன.)

பவளத் தொட்டிக்கு இன்னும் நூறு வருஷம் ஆனது. ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் பெரிய வடிகட்டி எதுவும் இல்லாமல், கடலிலிருந்து உயிர்களோடு எடுத்த கற்களையும் காற்றுக் குமிழியையும் மட்டும் வைத்துப் பவளம் வளர்த்ததை 1961இல் எழுதினார். அந்த வழியை பெர்லின்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். உயிர்க்கற்களோடு, நுரையடித்துக் கழிவை வெளியே தள்ளும் ஸ்கிம்மரையும் சேர்த்தார்கள். கழிவு அழுகி உரமாவதற்கு முன்னாலேயே அப்புறப்படுத்து என்பதுதான் அவர்கள் சித்தாந்தம். அமெரிக்காவில் 1986 வாக்கில் ஜார்ஜ் ஸ்மிட்டின் கட்டுரைகளால் பிரபலமானது வேறு வழி: தண்ணீரைப் பிளாஸ்டிக் பந்துகள் மேல் சொட்டவிடும் வடிகட்டி. அம்மோனியா போய்விடும்; ஆனால் நைட்ரேட்டாக மாறித் தொட்டியிலேயே தங்கிவிடும். வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் வால்டர் ஏடி இன்னொரு திசையில் போனார். பாசியை ஒரு தட்டில் விளக்குப் போட்டு வேண்டுமென்றே வளர்த்து, அறுத்து எறிந்தார். உரத்தை அது தின்றுவிட்டால் மற்ற இடத்தில் எதற்குப் பட்டினி கிடந்து முளைக்கும்?

கவனித்துப் பாருங்கள், வாரிங்டனின் நத்தையைத் தவிர எல்லோருடைய சண்டையும் சாப்பாட்டோடுதான், பாசியோடு இல்லை. இது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. காரணம் ஒரு பெயர் மாற்றம்.

1970களில் ரோஜர் ஸ்டேனியர் உள்ளிட்ட நுண்ணுயிரியலாளர்கள் இது பாசியே இல்லை, செல்லுக்குள் தனி உட்கரு இல்லாத பாக்டீரியா என்று சொல்லி வகைமாற்றக் கோரினார்கள். நீலப்பச்சைப் பாசி, சயனோபாக்டீரியா ஆனது. பாக்டீரியா என்றால் ஆன்டிபயாடிக் கேட்குமே! தொட்டி வளர்ப்பவர்கள் எரித்ரோமைசினைக் கண்டுகொண்டார்கள். பிலிப்பைன்ஸ் மண்ணிலிருந்து பிரித்தெடுத்து, 1952இல் மனிதர்களுக்கு விற்பனைக்கு வந்த மருந்து அது. தொண்டை வலிக்கு நானே சின்ன வயதில் விழுங்கியிருக்கிறேன். மருந்துக் கடையில் சீட்டு கூடக் கேட்காமல் கொடுத்தார்கள். பொடித்துப் போட்டேன்.

இரண்டே நாளில் மணல் வெள்ளை. மகள் கை தட்டினாள். நான் ஏதோ நோபல் பரிசு வாங்கிய மாதிரி நின்றேன்.

மருந்து போட்டால் ஸ்கிம்மர் நுரை பொங்கி வழியும், அதனால் அணைத்து வைத்திருந்தேன். மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. இன்வெர்ட்டரில் ஃபேனும் லைட்டும் இருந்தன. தொட்டியின் மோட்டார் இல்லை. அதை இணைக்க வேண்டும் என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்தான். செத்து அழுகிக்கொண்டிருந்த விரிப்பு, அசையாத தண்ணீர். அழுகல் ஆக்சிஜனைத் தின்னும். காலையில் இரண்டு மீன்கள் மணலில் கிடந்தன. ஒன்று மட்டும் மேலே வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

சுமார் 240 கோடி வருஷத்துக்கு முன்னால் பூமியின் காற்றில் ஆக்சிஜன் சேர ஆரம்பித்ததே இந்த உயிர்களால்தான். நாம் இழுக்கும் மூச்சே அவை போட்ட பிச்சை. என் தொட்டியில் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டன. மகள் அழவில்லை. "மருந்து போடாம இருந்தா செத்திருக்காதுல்ல?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன்.

மண்டபத்துக்காரனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். சயனோபாக்டீரியாவிலேயே கடலில் மிதக்கும் ஒரு இனம் டிரைக்கோடெஸ்மியம். 1770இல் கேப்டன் குக்கின் கப்பல்காரர்கள் மரத்தூள் என்று பெயர் வைத்தது இதற்குத்தான். இது பாம்பன் பக்கம் திரண்டதையும், அங்கிருந்த உயிரினங்களை அது எப்படிப் பாதித்தது என்பதையும் சிதம்பரமும் உண்ணியும் 1944இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதியிருக்கிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். நான் அதைப் படித்தது டெல்லியில், இரண்டு மீன் செத்த பிறகு.

மூன்றே வாரத்தில் சிவப்பு திரும்பி வந்தது. வராமல்? சாப்பாடு அப்படியே இருந்ததே. இந்த முறை டெஸ்ட் கிட் வாங்கினேன். நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் 0.25. ஆல்ஃப்ரட் ரெட்ஃபீல்ட் 1934இல் தொடங்கிய ஆராய்ச்சியில் கிடைத்த கணக்கு ஒன்று உண்டு: கடலின் நுண்ணுயிர்களில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் 106:16:1 என்ற விகிதத்தில் இருக்கும். நைட்ரஜன் தீர்ந்து பாஸ்பரஸ் மிச்சமிருந்தால் மற்ற பாசிகள் முடங்கிவிடும். காற்றிலிருந்தே நைட்ரஜன் பிடிக்கத் தெரிந்த சயனோ இனங்களுக்குப் போட்டியே இல்லாத மைதானம். நெல் வயலில் உரமாகும் அதே வித்தை. தொட்டி சுத்தமாக இருக்கிறது என்று நைட்ரேட் பூஜ்யத்தைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தது நான்தான்.

பாஸ்பேட் எங்கிருந்து வந்தது? ஐஸ் கட்டியாக வரும் இறால் தீனியைக் கரைத்து அந்தத் தண்ணீரோடு அப்படியே ஊற்றிக்கொண்டிருந்தேன். இப்போது வடிகட்டியில் அலசித்தான் போடுகிறேன். சமையலறை ஆர்.ஓ. தண்ணீரை நிறுத்தி, தொட்டிக்கென்று தனி ஆர்.ஓ., கூடவே ரெசின் குழாய். இரும்பு ஆக்சைடு குருணை ஒரு பை. மூலையில் தண்ணீர் தேங்கிய இடத்தில் இன்னொரு சின்ன மோட்டார். பதினோரு மணி நேரம் எரிந்த விளக்கு ஏழு மணி நேரம். நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து கொஞ்சம் ஏற்றினேன். ஞாயிறுதோறும் மெல்லிய டியூபால் விரிப்பை உறிஞ்சி எடுப்பது, கிழியாமல் உருட்டி எடுப்பதில் இப்போது எனக்கு நல்ல கை. ஒன்பது வாரம் ஆனது. மாத்திரை இரண்டு நாளில் செய்ததுதான்.

மோட்டார் இப்போது இன்வெர்ட்டரில் இருக்கிறது. மிச்சமிருந்த அந்த ஒற்றை மீனுக்கு ஜோடி வாங்கலாமா என்று கேட்டேன். "இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும்பா" என்றாள் மகள். இன்றைக்குக் காலை ஹீட்டருக்குப் பின்னால் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவப்பு தெரிந்தது. அவள் வாளியோடு வந்து நிற்கிறாள், டியூபை எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.