உல்லாசப் படகுக்குச் சார்ட் பிளாட்டர் தேர்ந்தெடுத்தல்

சார்ட் பிளாட்டர் என்பது செயற்கைக்கோள் சமிக்ஞைகளைக் கொண்டு படகு இருக்கும் இடத்தைக் கணித்து, அதை மின்னணுக் கடல் வரைபடத்தின் மேல் நகரும் குறியாகக் காட்டும் கருவி. பாய்மரப் படகு, மோட்டார் படகு, தூண்டில் மீன்பிடிப் படகு என எல்லாவகை உல்லாசப் படகுகளிலும் இது சுக்கானுக்கு அருகில் பொருத்தப்படுகிறது. ஆழமானி, ரேடார், ஆட்டோபைலட் ஆகியவற்றையும் இதே திரையில் இணைக்கலாம். பெரிய சரக்குக் கப்பல்களுக்குச் சர்வதேச விதிப்படி கட்டாயமான எக்டிஸ் என்ற மின்னணு வரைபட அமைப்பு வேறு, இது வேறு. உல்லாசப் படகுக்கான பிளாட்டர் எக்டிஸுக்குரிய கடுமையான சான்றிதழைப் பெற்றதல்ல; கடலோட்டத்துக்கு உதவும் துணைக்கருவி என்றே தயாரிப்பாளர்களும் அதைக் குறிப்பிடுகிறார்கள்.

கடையில் முதலில் கண்ணில் படுவது திரையின் அகலமும் பிரகாசமும்தான். தேர்வைத் தொடங்க வேண்டிய இடமோ வரைபடம். எந்தக் கடற்பகுதியில் படகோட்டப் போகிறோம், அந்தப் பகுதிக்கு யார் வெளியிட்ட வரைபடம் நன்றாக இருக்கிறது, அதை எந்தக் கருவி ஏற்கும் என்ற வரிசையில் விசாரிப்பவர் ஏமாறுவது அரிது.

இடங்காணும் துல்லியம்

ஜி.பி.எஸ். அமைப்பு குறைந்தது 24 செயற்கைக்கோள்களை அடிப்படையாகக் கொண்டது. அவை ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் பூமியைச் சுற்றுகின்றன. பொதுமக்களுக்கான சமிக்ஞையில் அமெரிக்கா வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. அதுவரை 100 மீட்டர் வரை விலகிய கணிப்பு சில மீட்டர்களுக்குள் வந்தது. இன்றைய கருவிகள் ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ செயற்கைக்கோள்களையும் சேர்த்தே வாங்கிக்கொள்கின்றன. வட அமெரிக்காவில் வாஸ், ஐரோப்பாவில் எக்னோஸ், இந்தியாவில் ககன் ஆகிய திருத்தச் சேவைகள் அந்தக் கணிப்பை இன்னும் கூர்மையாக்குகின்றன.

ஆகவே வெவ்வேறு தயாரிப்புகளுக்கிடையே இடங்காணும் துல்லியத்தில் உள்ள வேறுபாடு வாங்குபவர் பொருட்படுத்தத் தக்க அளவு இல்லை. உள்ளமைந்த ஆன்டெனா போதுமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. எஃகு அல்லது அலுமினியக் கூரைக்கு அடியில் பொருத்துவதானால் வெளியே தனி ஆன்டெனா வைக்க வேண்டிவரும்.

வரைபடம்

மின்னணுக் கடல் வரைபடங்கள் இருவகை. அச்சிட்ட தாள் வரைபடத்தைப் படமெடுத்ததுபோல் அப்படியே திரையில் தருவது ராஸ்டர். ஆழம், மிதவை, கலங்கரை விளக்கம், பாறை என ஒவ்வொன்றையும் தனித்தனித் தரவாக வைத்திருந்து, திரையின் அளவுக்கேற்ப வரைந்து காட்டுவது வெக்டர். அமெரிக்க அரசின் கடல் வரைபடங்களை வெளியிடும் நோவா தன் மரபான தாள் வரைபடங்களையும் ராஸ்டர் வரைபடங்களையும் படிப்படியாக நிறுத்திவிட்டு வெக்டர் வரைபடங்களை மட்டும் இலவசமாக வழங்குகிறது. உல்லாசப் படகுச் சந்தையில் நேவியானிக்ஸ், சி-மேப் என்ற இரண்டும் பெரிய பெயர்கள். நேவியானிக்ஸை 2017இல் பிளாட்டர் தயாரிப்பாளரான கார்மின் வாங்கியது. சி-மேப்போ லோரன்ஸ், சிம்ராட், பி அண்டு ஜி ஆகிய மூன்று பிளாட்டர் பெயர்களையும் கொண்ட குழுமத்துக்குச் சொந்தம். ரேமரீன், ஃபுருனோ ஆகிய தயாரிப்பாளர்களுக்கும் தத்தம் வரைபட ஏற்பாடுகள் உண்டு. கருவியைத் தேர்ந்தெடுக்கும்போதே வரைபடச் சந்தாவையும் தேர்ந்தெடுத்துவிடுகிறோம் என்பதை வாங்குபவர் மனத்தில் வைக்க வேண்டும். பழைய கருவியை மலிவாகக் கேட்டு வாங்குவோர் அதில் வரைபடத்தை ஏற்றும் நினைவக அட்டை இன்னும் வெளியாகிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது. அட்டை நின்றுபோன கருவியில் புதிய மணல்திட்டும் இடம்மாறிய மிதவையும் ஒருபோதும் ஏறாது.

வெக்டர் வரைபடத்தின் வசதியிலேயே அதன் ஆபத்தும் இருக்கிறது. திரையைச் சுருக்கிப் பெரும் பரப்பைக் காட்டச் சொன்னால், நெரிசலைத் தவிர்க்கக் கருவி சிறு விவரங்களை மறைத்துவிடும். 2014 நவம்பர் 29 அன்று இரவு, வால்வோ ஓஷன் ரேஸ் போட்டியில் கேப் டவுனிலிருந்து அபுதாபி நோக்கி விரைந்துகொண்டிருந்த டீம் வெஸ்டாஸ் விண்ட் பாய்மரப் படகு, மொரீஷியஸுக்கு வடகிழக்கே உள்ள கார்கடோஸ் கராஜோஸ் பவளத்திட்டில் மோதிச் சிக்கியது. உலகின் தேர்ந்த மாலுமிகள் ஓட்டிய படகு அது. அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த சுருங்கிய காட்சியில் அங்கே திட்டு தெரியவில்லை. போதிய ஆழமுள்ள கடல்மேடாகவே தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்திருந்தால் அதே வரைபடம் திட்டைக் காட்டியிருக்கும். படகிலிருந்த ஒன்பது பேரும் உயிர் தப்பினர். இந்த விபத்தைக் கருவி வாங்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். கடையில் கருவியைச் சோதிக்கும்போது தெரிந்த ஒரு பாறைத் திட்டைத் திரையில் வைத்து, படிப்படியாகச் சுருக்கி, எந்த நிலையில் அது மறைகிறது என்று பாருங்கள். திட்டமிட்ட பாதையின் குறுக்கே ஆழம் குறைந்த இடம் வந்தால் தானாக எச்சரிக்கும் வசதி இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

வரைபடம் எவ்வளவு புதிதானாலும் அதன் அடியில் இருக்கும் அளவீடு பழையதாக இருக்கலாம். தொலைதூரத் தீவுகள் பலவற்றுக்கு 19ஆம் நூற்றாண்டில் ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கி எடுத்த ஆழ எண்களே இன்னும் பயன்படுகின்றன. அந்தக் காலத்தில் இடத்தைக் கணித்த முறையும் வேறு. ஜி.பி.எஸ். பின்பற்றும் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற புவி அளவைக்கும் அந்தப் பழைய அளவைக்கும் இடையே சில நூறு மீட்டர் விலகல் இருந்தால், கருவி இடத்தைச் சரியாகவே சொல்லும். வரைபடத்தில் தீவு தவறான இடத்தில் இருக்கும். அரசு வரைபடங்கள் இந்த நம்பகத்தன்மையை ஏ1, ஏ2, பி, சி, டி எனத் தரம் பிரித்துச் சொல்கின்றன. ஏ1 தரத்தில் இடப்பிழை 5 மீட்டருக்குள். சி தரத்தில் அது 500 மீட்டர் வரை போகலாம். இந்தத் தரத்தைத் திரையில் எளிதாகக் கொண்டுவரும் கருவி என் மதிப்பில் ஒரு படி மேல்.

திரையும் பொத்தானும்

7 அங்குலத் திரை சிறிய திறந்த படகுக்குப் போதும். வரைபடத்தையும் ஆழமானியையும் அருகருகே பிரித்துப் பார்க்க விரும்புவோர்க்கு 9 அங்குலத்துக்குக் கீழே இடம் போதாது. உச்சிவெயிலில் போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு திரையைப் பாருங்கள். சில திரைகள் அந்தக் கண்ணாடி வழியாக ஒரு கோணத்தில் முற்றிலும் இருண்டுவிடும். இரவில் கண் கூசாத அளவு ஒளியைத் தாழ்த்த முடிவதும் அவ்வளவே தேவை.

தொடுதிரை துறைமுகத்தில் வசதியானது. அலையில் படகு துள்ளும்போது, நனைந்த விரல் தவறான இடத்தைத் தொடும். மேலே விழும் உப்புநீரையே சில திரைகள் விரலென்று எடுத்துக்கொள்ளும். தொடுதிரையோடு திருகியும் பொத்தானும் உள்ள கருவியையே கடலோரத்தைத் தாண்டிச் செல்வோர் வாங்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. நீர் புகாத் தன்மைக்கு ஐ.பி.எக்ஸ். 7 என்ற குறியைத் தேடலாம். 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் கிடந்தாலும் தாங்கும் என்பது அதன் பொருள்.

கைபேசி, டேப்லட் செயலிகளும் இதே வரைபடங்களைக் காட்டும். மாற்று ஏற்பாடாக அவை அருமையானவை. வெயிலில் சூடேறி அணைந்துவிடும் இயல்பால் முதன்மைக் கருவியாக நம்பத் தக்கவை அல்ல.

பிற கருவிகளோடு இணைப்பு

படகுக் கருவிகள் பேசிக்கொள்ளும் மொழிகள் இரண்டு. பழைய என்.எம்.இ.ஏ. 0183 நொடிக்கு 4,800 பிட் வேகத்தில் ஒரு கருவி பேச, மற்றவை கேட்கும் முறை. என்.எம்.இ.ஏ. 2000 நொடிக்கு 2,50,000 பிட் வேகத்தில் எல்லாக் கருவிகளையும் ஒரே முதுகெலும்புக் கம்பியில் சேர்க்கிறது. அந்தக் கம்பியின் இரு முனைகளிலும் 120 ஓம் முடிப்பான் கட்டாயம் இருக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு மீட்டரில் அளந்தால் சுமார் 60 ஓம் காட்டும். 120 ஓம் காட்டினால் எங்கோ ஒரு முடிப்பான் விட்டுப்போயிருக்கிறது. காற்றுமானி, எஞ்சின் தகவல், ஆட்டோபைலட் ஆகியவற்றை வெவ்வேறு தயாரிப்பாளர்களிடம் வாங்கினாலும் இந்த வழியில் இணைக்கலாம். ரேடார் மட்டும் பெரும்பாலும் விதிவிலக்கு. பிளாட்டர் தயாரித்த நிறுவனத்தின் ரேடாரே அதனுடன் வேலை செய்யும். பின்னாளில் ரேடார் வாங்கும் எண்ணமிருந்தால் அதையும் இன்றே கணக்கில் எடுக்க வேண்டும்.

வி.எச்.எஃப். வானொலியைப் பிளாட்டரோடு இணைப்பதை யாரும் தள்ளிப்போடக் கூடாது. வானொலிக்குத் தனி ஜி.பி.எஸ். இல்லாவிட்டால், அபாயப் பொத்தானை அழுத்தும்போது படகின் இடத்தை அது இந்த இணைப்பிலிருந்தே பெற்று அனுப்புகிறது. உயிர் காக்கும் வேலை இது; செலவு இரண்டு கம்பிகள்.

ஆழமானிக்காக ஒலியை அனுப்பிப் பெறும் டிரான்ஸ்டியூசரை வாங்கும்போது படகின் உடலைப் பார்க்க வேண்டும். கெட்டியான கண்ணாடியிழை உடலானால் உள்ளேயிருந்தே ஒலியை அனுப்பலாம். நடுவில் நுரை அல்லது மென்மரம் வைத்த உடலில் ஒலி கடக்காது. 200 கிலோஹெர்ட்ஸ் அலை ஆழமற்ற நீரில் நுணுக்கமாகக் காட்டும், 50 கிலோஹெர்ட்ஸ் ஆழத்துக்குப் போகும்.

மின்சாரமும் பொருத்துதலும்

எஞ்சினை இயக்கும் நொடியில் மின்னழுத்தம் சரிந்து கருவி அணைந்து மீண்டும் எழுவது அடிக்கடி வரும் தொல்லை. கருவிகளுக்குத் தனி பேட்டரி வைப்பது அதைத் தீர்க்கும். 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் எடுக்கும் கருவி 12 மணி நேர இரவில் 24 ஆம்பியர்-மணி தின்னும்; 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதியைத்தான் தயங்காமல் எடுக்கலாம் என்பதால் பாய்மரப் படகுக்கு இது பெரிய கணக்கு. காந்தத் திசைகாட்டியிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்ற தூரம் கையேட்டில் இருக்கும். அந்தத் தூரத்தைக் குறைக்க வேண்டாம். மின்சாரம் போன இரவில் மிஞ்சுவது அந்தத் திசைகாட்டிதான்.

பொருத்தி முடித்தபின் கருவியைச் சோதிக்க வேண்டும். குமரிக் கடற்கரை மீனவர்கள் கரையிலுள்ள கோபுரத்தையும் பின்னாலுள்ள மலைமுகட்டையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவந்து கடலடிப் பார் இருக்குமிடத்தைக் கண்டறிவதைக் கணியம் என்பார்கள். புதிய கருவியின் சொல்லைச் சரிபார்க்க இதைவிட நல்ல முறை இல்லை. இரண்டு கரையடையாளங்கள் கண்ணுக்கு ஒரே கோட்டில் வரும் கணத்தில், திரையிலும் படகு அந்தக் கோட்டின் நீட்சியில் நிற்கிறதா என்று பார்க்கலாம். அதற்கும் முன்பாகச் சொந்தத் துறையில், படகைக் கட்டிய நிலையில், வரைபடத்தை முழுக்கப் பெரிதாக்கிப் பாருங்கள். பெரும்பாலான துறைகளில் குறி நீரிலேயே நிற்கும். சிலவற்றில் கரைமேல், வண்டி நிறுத்துமிடத்தில் நிற்கும். அந்த விலகலின் திசையையும் தூரத்தையும் படகின் குறிப்பேட்டில் முதல் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும்.