வேலியில் நின்ற வெட்டிவேர்

சென்னப்பட்டணத்து உத்தியோகஸ்தர்களின் மாளிகைகளில், கோடைக்காலத்தில் வெட்டிவேர்த் தட்டிகளை வாசல்தோறும் தொங்கவிட்டு, ஓயாமல் நீர் தெளித்து உஷ்ணத்தைத் தணித்த வழக்கம் பிரசித்தமானது. ஆயினும், மைசூர்ச் சீமையின் குண்டலுப்பேட்டைப் பக்கத்துக் குடியானவர்கள் அந்தப் புல்லையே நில எல்லைகளில் நட்டுத் தலைமுறை தலைமுறையாகப் பேணிவந்தது, என் அபிப்பிராயத்தில், அதனினும் பெரிய சரித்திரம். 1950களில் ஃபிஜித் தீவின் கரும்புச் சரிவுகளில் இதனை நட்டு மண்ணரிப்பைத் தடுத்த ஜான் கிரீன்ஃபீல்டு, 1980களில் உலக வங்கியின் ரிச்சர்டு கிரிம்ஷாவுடன் இந்தியாவில் இதைப் பரப்ப முனைந்தபோது, அந்தப் பழைய வேலிகளே பிரத்தியக்ஷ சாக்ஷியாக நின்றன.

தென்னாட்டு இனம் விதையால் பெருகாது; தூரைப் பிரித்து, தாளை ஒரு சாண் விட்டு நறுக்கி நட வேண்டும். வேர் பக்கவாட்டில் படராமல் மூன்று மீட்டர் ஆழம்வரை நேரே இறங்குவதால், அயற்செடியின் நீரை அபகரிப்பதில்லை. ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில் வீட்டு மனை வைத்திருப்போர், ஐப்பசி மழையின் தொடக்கத்தில், ஒரு சாணுக்குக் குறைந்த இடைவெளியில் இதனை வரிசையாக நட்டால், அடுத்த கோடைக்குள் அது வேர்பிடித்துவிடும்.